பிடிமண்ணோடு வந்த சாமி

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் நால்வர், அனிமேஷன் கடைசி வருடம். எட்டு நிமிட 2டி படம், கையில் ஐந்து மாதம். காடு அழிந்துபோனதால் யாளி, யட்சி, பூதம், வேதாளம் நான்கும் படகேறி ஒரு கரைக்கு வருகின்றன. ஊரார் விரட்டுகிறார்கள், ஒரு சிறுவன் மட்டும் சேர்த்துக்கொள்கிறான். இது எடுபடுமா, உருவங்களை எப்படி அமைப்பது, வசனம் வேண்டுமா, எந்த மென்பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுபடும். ஆனால் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை முதலில் அடைக்க வேண்டும்.

ஊரார் ஏன் விரட்டுகிறார்கள்? பயத்தில். எதைக் கண்டு? கோரைப்பல்லையும் முட்டைக் கண்ணையும் கண்டு. உங்கள் படத்தில் பூதம் நிஜமாகவே பூதம்தான். அப்படியானால் அவர்கள் பயந்ததில் என்ன தப்பு? நிஜத்தில் அகதியாக வருபவர் ஒரு கைப்பையும் பிள்ளையுமாக வரும் சாதாரண மனிதர். அவரைப் பார்த்து ஏதோ பூதம் வந்ததுபோல் ஊர் மிரள்வதுதான் அநியாயம். நீங்கள் அவரையே பூதமாக வரைந்துவிட்டால், மிரள்கிறவன் பக்கம் நியாயம் போய்விடுகிறது. படம் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானதைச் சொல்லிவிடும். புராண உருவங்களை அகதியாக்கும் மாணவர் படங்கள் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன.

வழி இருக்கிறது. அகதியை மட்டும் சாமியாக வரையாதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிறவரும் சாமியாகவே இருக்கட்டும். வரிசையில் நிற்பவர் முனி, எழுதிக்கொள்பவர் உள்ளூர் எல்லைக்கருப்பு, தண்ணீர் கொடுப்பது ஏழு கன்னிமாரில் ஒருத்தி. இப்போது வரிசையில் நிற்கிறவருக்கும் நாற்காலியில் இருக்கிறவருக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம்தான்: ஒருவரிடம் இடம் இருக்கிறது, இன்னொருவரிடம் இல்லை. இது நடந்துவிட்டால் அந்த நல்ல சிறுவன் தேவைப்படமாட்டான். அவனை எடுத்துவிடுங்கள். ஒரு சிறுவன் அன்பாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று முகாமில் இருந்த யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்தது, நான்கு பேர் அதிகம். எட்டு நிமிடத்தில் நான்கு உருவங்களை அறிமுகப்படுத்தவே பாதிப் படம் போய்விடும். தவிர, அந்த நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை. யாளி கோயில் தூணில் இருக்கிறது. வேதாளம் கதைப் புத்தகத்து மரத்தில் தொங்குகிறது. யட்சி நம் பக்கம் இயக்கியாகி, இசக்கியாகி, கோயில் கட்டிக் குடியேறிவிட்டாள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘ஒரு காடு’ என்று எழுதியிருப்பதிலேயே, இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை என்பது தெரிகிறது. அகதிப் படத்தில் முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

இதற்கு ஒரு கேள்வி போதும். இந்தச் சாமிக்கு என்ன சக்தி என்று கேட்காமல், இது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். நம் காவல் தெய்வங்களுக்கு எல்லை உண்டு. இந்தக் கண்மாய்க் கரையிலிருந்து அந்தப் புளியமரம் வரை என்று. எல்லையைக் காப்பதுதான் வேலை. அந்த வேலையை விட்டு எல்லை தாண்டுகிற எல்லைச்சாமியைவிட அகதிக்குப் பொருத்தமான உருவம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சாமிகள் இடம்பெயர்வதற்கு இங்கே முறையே உண்டு. பிழைக்க வேறு ஊர் போகிறவர்கள் தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். போன இடத்தில் அந்த மண்ணை வைத்துப் பீடம் கட்டினால் சாமி அங்கேயும் இருக்கும். பிடிமண் என்பார்கள். உங்களில் யாருடைய குலதெய்வமாவது இப்படி வந்ததாக இருக்கலாம், வீட்டில் கேட்டுப் பாருங்கள். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு மலையாள தேசத்திலிருந்து வந்து காவலுக்கு நின்றவர் என்றுதான் கதை. வெளியூர்க்காரர்தான் இன்று அந்த வாசலையே காக்கிறார். அவருக்கு அங்கே சிலை கிடையாது, மூடிய கதவுக்குத்தான் சந்தனம் சாத்துகிறார்கள். (வரைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு கதவே பாத்திரம்.)

சரி, யாரை எடுப்பது? நானாக இருந்தால் ரோதைமுனியை எடுப்பேன்.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளர்கள் தங்கள் சாமிகளையும் கொண்டுபோனார்கள். போன இடத்தில் புதுச் சாமிகளும் பிறந்தன. கவ்வாத்து வெட்டும்போது, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது, கும்பிட ஒரு சாமி, கொழுந்துக்கு ஒரு சாமி. தேயிலை ஃபாக்டரியின் பெரிய சக்கரத்தில் ஒரு முனி குடியிருக்கிறது, அது கோபப்பட்டால் ஆளை இழுத்துவிடும் என்று அதற்கும் பூசை போட்டார்கள். அதுதான் ரோதைமுனி. பேச்சில் ரோதமுனி. ரோதை என்றால் சக்கரம், போர்த்துகீசிய மொழியிலிருந்து இலங்கைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்ட சொல். முனி தமிழ்நாட்டிலிருந்து போனது, பெயரின் முன்பாதி ஐரோப்பாவிலிருந்து வந்தது, வீடு ஒரு பிரிட்டிஷ் கம்பெனியின் இயந்திரம். இப்படியொரு பாத்திரத்தை நாம் உட்கார்ந்து யோசித்தால்கூடக் கிடைக்காது.

இந்த மக்களின் வரலாற்றை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். படத்தில் ஒரு வரிகூட வராமல் போகலாம், பரவாயில்லை. 1948-இல் இலங்கை சுதந்திரமடைந்த அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, நீலகிரி, கூடலூர் என்று போய்ச் சேர்ந்தவர்கள் தாயகம் திரும்பியோர். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கியது. சட்டப்படி இவர்கள் அகதிகள் இல்லை. 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு படகில் வந்தவர்கள்தான் அகதிகள். அந்தக் கூட்டத்திலும் மலையகத்தார் பலர் இருந்தார்கள். தோட்டத்தில் அடிபட்டு வன்னிக்குப் போய், அங்கிருந்து மன்னார் வழியாக இங்கே வந்தவர்கள். இரண்டு வார்த்தையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் முனி எந்த வருடம், எந்தப் படகில் வந்தது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மண்டபம் முகாமுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. இன்று அகதிகள் முதலில் கொண்டுவரப்படுவது அங்கேதான். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் அது இலங்கைக்குப் போகும் தோட்டத் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாம். தாத்தா போகும்போது வரிசையில் நின்ற அதே இடம். பிறகு தாயகம் திரும்பியவர்கள் வந்து நின்றார்கள். பிறகு அகதிகள். ஒரே பேக்கிரவுண்டு, மூன்று காலம். அனிமேஷனில் இதைவிட மலிவான, வலுவான காட்சி கிடையாது. சுவரின் நிறத்தையும் வரிசையில் நிற்பவர்களின் உடையையும் மாற்றினால் போதும்.

மேசைக் காட்சியை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், ஒரு உதாரணத்துக்கு. எல்லைக்கருப்பு மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறார். வீச்சரிவாள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறது. கையில் பால்பாயிண்ட் பேனா.

“பேரு?”

“ரோதமுனிங்க.”

“எந்த ஊரு?”

“ஃபாக்டரிங்க.”

“எல்லை?”

“பெல்ட்டு சுத்துற வரைக்குங்க.”

கருப்பு நிமிர்ந்து பார்க்கிறார். “பிடிமண் இருக்கா?” முனி இறுக மூடியிருந்த கையைத் திறக்கிறது. மண் இல்லை. ஃபாக்டரித் தரையிலிருந்து வழித்தெடுத்த தேயிலைத் தூசியும் கிரீஸும், கடல் தண்ணீரில் ஊறிக் கறுப்புக் குழம்பாக விரலிடுக்கில் வழிகிறது. படிவத்தில் செம்மண், கரிசல், வண்டல், மணல் என்று நான்கு கட்டம். கருப்பின் பேனா நான்கின் மேலும் நின்று நின்று போகிறது. கடைசியில் ‘மற்றவை’ என்ற இடத்தில் டிக் அடிக்கிறார்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. யாரும் விரட்டவில்லை, அழவுமில்லை. நாற்பது விநாடி. உங்கள் எட்டு நிமிடத்தில் சொல்ல நினைத்தது இதிலேயே முக்கால்வாசி வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

கழுத்தில் ஒரு தகர வில்லை போடலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லை கொடுத்தார்கள், எந்தத் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டிய ஆள் என்று தெரிய. முகாம் அட்டையை முனி வாங்கும்போது அந்த வில்லை லேசாக ஆடினால் போதும். யாரும் விளக்க வேண்டியதில்லை.

விசாரிப்பது பற்றி. முகாமுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, கேமராவோடு போய் நிற்கவும் கூடாது. கியூ பிராஞ்ச் உளவுப் போலீஸின் கண்காணிப்பு, பதிவுச் செக்கிங் என்று அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான தொல்லை இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயரை மாற்றியது. உள்ளே இருப்பவரிடம் பேசும்போது அந்தப் பெயரையே சொல்லுங்கள், பலருக்கு ‘அகதி’ என்ற சொல் பிடிக்காது. கதியில்லாதவன் என்பதுதானே அதன் பொருள். அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் வந்தவருக்கு இங்கே என்ன உரிமை என்பது அவ்வப்போதைய அரசாணையில்தான் இருக்கிறது. உங்கள் மேசைக் காட்சியில் கருப்புக்கு வரும் தயக்கம் அங்கிருந்து வருவதுதான். அவரிடமே தெளிவான விதி இல்லை.

வெளியில் கோத்தகிரி, கூடலூர் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய. அவர்களிடம் பேசுவது எளிது. போனால், “என்ன கஷ்டப்பட்டீர்கள்?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரிடமும் ஒரு தயார்ப் பதில் இருக்கும். “பெட்டியில் என்ன எடுத்துவந்தீர்கள்?” என்று கேளுங்கள். கோத்தகிரியில் ஒரு அம்மா என்னிடம், கொழுந்துக் கூடையை அங்கேயே விட்டுவிட்டு அதன் கயிற்றை மட்டும் எடுத்துவந்ததாகச் சொன்னார். கூடை எங்கும் கிடைக்கும், கயிறு தலைக்குப் பழகினது என்றார். நெற்றிக்கு மேலே, முடி தொடங்குமிடத்தில் விரல் வைத்துக் காட்டினார். அங்கே ஒரு பள்ளம், விரல் அகலத்துக்கு. அன்றைக்கு நான் வரைந்த ஒரே ஸ்கெட்ச் அதுதான். பெயர், முகம் எதுவும் பதியவில்லை, நீங்களும் பதிய வேண்டாம். அனிமேஷனில் நமக்கு இருக்கும் பெரிய வசதியே அதுதானே, ஆளைக் காட்டாமல் ஆளின் கதையைக் காட்டலாம்.

உண்மையான கோயிலில் இருக்கும் பெயர்பெற்ற சாமியைக் கேலிக்குரியதாக வரைய வேண்டாம். பயத்தில் சொல்லவில்லை. அந்தச் சாமியை நேற்றும் யாரோ கும்பிட்டிருக்கிறார்கள். பெயரில்லாத ஒரு எல்லைக்கருப்பை நீங்களே உண்டாக்கிக்கொள்ளுங்கள். ரோதைமுனியையும் குறிப்பிட்ட எந்தத் தோட்டத்தோடும் சேர்க்க வேண்டாம்.

வசனம் வேண்டுமா? குறைவாக வையுங்கள், ஆனால் சரியாக வையுங்கள். இலங்கை என்றாலே நம் சினிமாவில் எல்லோரும் ஒரு மாதிரி யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள், அதுவும் பாதி தப்பாக. மலையகத்தார் பேசுவது அது இல்லை. லயத்துப் பேச்சு (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) நம் தென்மாவட்டப் பேச்சுக்குத்தான் பக்கம், நடுவில் துரை, கங்காணி, பெரட்டு என்று தோட்டத்துச் சொற்கள் வரும். மலையகத்தைச் சேர்ந்த ஒருவரையே குரல் கொடுக்கச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் வசனமே இல்லாமல் செய்துவிடுங்கள், போலிக் குரலைவிட அது எவ்வளவோ மேல். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாத்வியப் படத்தில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது, செய்ததும் இலவச மென்பொருளான பிளெண்டரில்.

மென்பொருள் கேள்விக்கும் அதுவே பதில். கையால் வரைகிறீர்களா, கிருதாவோ ஓபன்டூன்ஸோ போதும். 3டி பேக்கிரவுண்டில் 2டி ஆள் வேண்டுமானால் பிளெண்டரில் கிரீஸ் பென்சில். நால்வரில் யாருக்கு எது கை வருகிறதோ அது. இதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விவாதம் பண்ண வேண்டாம்.

விவாதம் பண்ண வேண்டியது நீளத்தைப் பற்றி. கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? எட்டு நிமிடம் 480 விநாடி. ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி ‘டூஸ்’ ஓட்டினால் விநாடிக்கு 12 படம், மொத்தம் 5,760. இது திரையில் ஒரு ஆள் மட்டும் இருந்தால். ரஃப், க்ளீனப், கலர் எல்லாம் சேர்த்து ஒருவர் ஒரு நாளில் இரண்டு விநாடி முடித்தால் நல்ல வேகம். நால்வரில் இருவர் அனிமேட் செய்வதாக வைத்தால் நாளுக்கு நான்கு விநாடி, 120 வேலை நாள். கதை, ஸ்டோரிபோர்டு, ஒலி எதற்கும் நேரமே இல்லை. மூன்றரை நிமிடமாக்குங்கள். 210 விநாடி, ஐம்பத்து மூன்று நாள். முன்னால் ஒரு மாதம் ஸ்டோரிபோர்டுக்கும், அந்தப் படங்களை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் அனிமாட்டிக்குக்கும், பின்னால் ஒரு மாதம் ஒலிக்கும், எல்லா அடுக்கையும் ஒன்றாகச் சேர்க்கும் காம்பாசிட்டிங்குக்கும். இடையில் காய்ச்சல், பரீட்சை, ஊர்த் திருவிழா வரும், அதற்கும் இடம் இருக்கும். முன்பு என்னிடம் படித்த ஒரு குழு ஒன்பது நிமிடம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கடைசி இரண்டு நிமிடத்தை ஸ்டோரிபோர்டு படங்களாகவே ஓட்டிக் காட்டியது. ஜூரியில் ஒருவர் அந்தப் பகுதிதான் நன்றாக இருந்தது என்றார். அவர்களுக்கு அது ஆறுதலாக இல்லை.

முனியைத் தேர்ந்தெடுத்தால் வேலை குறையும் என்பதும் ஒரு காரணம். சாமி அசையக் கூடாது. கல்லும் சுதையும் நின்றபடி இருப்பதுதான் இயல்பு, பார்ப்பவர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்கமாட்டார். வரிசையில் நிற்கும்போது உடம்பு ஒரே படம், கண் மட்டும் திரும்பட்டும். கண் திரும்ப நான்கு படம் போதும். மனிதர்கள் சுற்றி வேகமாக நடமாட, அது மட்டும் அசையாமல் நிற்பதே அதன் நிலைமையைச் சொல்லும். மிச்சப்பட்ட உழைப்பை அந்தக் கை திறக்கும் ஷாட்டில் கொட்டுங்கள். அந்த ஒன்றை மட்டும் விநாடிக்கு 24 படமாக வரையுங்கள்.

ஒலியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். அனிமாட்டிக்கிலேயே போட்டுவிடுங்கள். மலைக்கு மெஷின் சத்தம், கடலுக்கு அது நின்றுபோன பிறகு வரும் அமைதி. அந்த மெஷின் சத்தம் படத்தின் தொடக்கத்தில் ஒரு நிமிடம் விடாமல் ஓடட்டும், பார்ப்பவர் அதைக் கேட்பதையே மறந்துவிடும் அளவுக்கு. அப்புறம் நிறுத்துங்கள். பாட்டு வேண்டுமென்றால் தப்பு மேளம் அடிக்கிற ஒருவரை அழைத்துக் கூலி கொடுத்துப் பதிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் எந்த விழாவுக்கும் அனுப்ப முடியாது. ஃபைல்களை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று நால்வரில் யார் வீட்டிலும் இல்லாத இடமாக இருக்கட்டும், சண்டை வரும்.

முடிவு எப்படி என்று கேட்பீர்கள். முனிக்கு வேண்டியது ஒரு சக்கரம். முகாமில் என்ன சக்கரம் இருக்கும்? பத்துக்குப் பத்து அறையின் வாசலில் யாரோ சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பஞ்சர் பார்க்கிறார்கள். பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது. முனி அதைப் பார்க்கிறது. அதற்குள் போகிறதா, பார்த்துக்கொண்டே நிற்கிறதா என்பதை நீங்கள் நால்வரும் முடிவு செய்யுங்கள், நான் சொல்லமாட்டேன். வரைவது மட்டும் சொல்கிறேன். சக்கரத்தை எட்டு ஆரமாக எளிமையாக்குங்கள், ஆரத்துக்கு ஆரம் 45 டிகிரி. ஒரு படத்துக்கு 22 டிகிரிக்கு மேல் திருப்பினால் சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றே கண்ணுக்குத் தெரியாது, பின்னோக்கிப் போவதுபோல் இருக்கும். 15 டிகிரி வையுங்கள். மூன்றே படத்தில் லூப் முடிந்துவிடும், அடுத்த ஆரம் முந்தைய ஆரத்தின் இடத்துக்கு வந்துவிடுவதால். ஆனால் ஒரு ஆரத்தில் மட்டும் அந்தக் கறுப்புக் குழம்பு ஒரு விரல் தடவியிருந்தால், முழுச் சுற்றையும் வரைய வேண்டும். 24 படம், டூஸில் இரண்டு விநாடி. வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த 24-ஐ வரைந்து, லைன் டெஸ்ட் (வெறும் கோட்டுப் படங்களை ஓட்டிப் பார்ப்பது) எடுத்து அனுப்புங்கள்.